சொல்லிக்கொள்ளாமல் வந்த வீடு

1

இந்த நாட்டு அலுவலகங்களில் ஒரு விநோதம் உண்டு. பிறந்தநாளோ, வேலையில் சேர்ந்த நாளோ, கொண்டாட்டத்துக்கு உரியவரே கேக் வாங்கிவந்து மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். நமக்கு நாமே தண்டம் அழுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே சமூகப் பணியாளராகச் சேர்ந்து போன வாரத்தோடு ஒரு வருடம் முடிந்தது. கேக்குக்குப் பதிலாகக் கேசரி கிளறி எடுத்துப்போனேன். இதைச் சூடாகச் சாப்பிடுவதா, ஆறவிட்டா, மேலே கிரீம் ஊற்றலாமா என்று ஆளாளுக்கு விசாரணை நடத்தினார்கள். விசாரணை முடிவதற்குள் பாத்திரம் காலி.

கும்மிடிப்பூண்டியில் என் அப்பா இன்றைக்கும் தெருவில் பார்ப்பவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு லண்டன்ல கவர்மெண்டு வேலைல கீது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் இருப்பது லண்டன் இல்லை. இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில், ஒரு காலத்தில் எஃகு ஆலைகளை நம்பி வாழ்ந்த ஊர். என் கணவருக்கு இங்குள்ள மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்ததால் குடும்பத்தோடு வந்தோம். வந்த புதிதில் மூடிக்கிடந்த ஆலையைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ரோலிங் மில்லில் வாழ்நாளெல்லாம் இரும்பு இழுத்தவர் அவர். "நம்ம சிப்காட் மாதிரியே கீதுமா, பொகை தான் இல்ல" என்று பதில் வந்தது. அந்த ஒரு வரியில் எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது.

என் வேலை வீடு வீடாகப் போவது. வயதானவர்கள், மாற்றுத்திறனாளிகள், நினைவு தப்பிப் போனவர்கள், இவர்களைக் கவனித்துக் களைத்துப்போன உறவினர்கள், இவர்களையெல்லாம் போய்ப் பார்த்துப் பேசி, என்ன உதவி வேண்டும் என்று மதிப்பிட்டு அதை வாங்கிக் கொடுக்க வேண்டும். ஒரு நாளில் போலந்துக்காரர் வீடு, யேமன்காரர் வீடு, பஞ்சாபி வீடு, இந்த ஊர் வெள்ளைக்காரர் வீடு என்று சுற்றி வருவேன். ஒரு வீட்டில் செருப்பைக் கழற்றினால் சந்தோஷப்படுவார்கள். அடுத்த வீட்டில் கழற்றினால் திகைத்துப்போய் என் சாக்ஸையே பார்ப்பார்கள்.

இந்த ஒரு வருடத்தில் நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. அதில் முதல் ஆள் என்மேல் புகார் கொடுத்த ஒரு அம்மா. அவரை ஜோன் என்று வைத்துக்கொள்வோம். பெயரையும் வீட்டு அடையாளங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன், எங்கள் தொழிலில் அது கட்டாயம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஜோன் பேசுவது புத்தக ஆங்கிலம் இல்லை, ஆலைக்காரர் வீட்டு ஆங்கிலம். அதை இலக்கணத் தமிழில் எழுதினால் அவர் பேசிய மாதிரியே இருக்காது. அதனால் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன்.

2

ஜோனுக்கு வயது எண்பதை நெருங்குகிறது. அவருடைய ஒரே மகன் பீட்டர் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவர், நாற்பதைத் தாண்டியவர். அக்கம்பக்கத்தில் எல்லோரும் 'பையன்' என்றுதான் சொல்கிறார்கள். நான் 'அவர்' என்றே எழுதுவேன். பீட்டரைக் குளிப்பாட்டுவது, முகம் மழிப்பது, மாத்திரை கொடுப்பது எல்லாம் அப்பாவின் வேலை. ஜோனுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்து, குனிந்து நிமிரவே முடியாது. வருடக்கணக்காக, எங்கள் அலுவலகத்திலிருந்து யார் போனாலும் அந்த அப்பாதான் வாசலிலேயே பேசித் திருப்பி அனுப்பியிருக்கிறார். எங்கள் குடும்பத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்பது அவர் பேச்சு. அவர் ஒருநாள் காலையில் திடீரென்று இறந்துபோனார்.

அந்த வீட்டை என்னிடம் கொடுத்தார்கள். ஜோன் ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்தால் போதும், பீட்டரை அன்றைக்கே வேறு ஊரில் ஏதாவது ஒரு விடுதியில் சேர்க்க வேண்டிவரும். தற்காலிகம் என்று சொல்லித்தான் சேர்ப்பார்கள். அப்படிப் போனவர்கள் வீடு திரும்புவது அபூர்வம். அதற்குள் மதிப்பீட்டை முடித்து, காலையில் உதவிக்கு ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிட்டால் அம்மாவும் மகனும் ஒரே வீட்டில் இருக்கலாம். என் கையில் இருந்தது அந்த வேலைதான்.

இங்கே இறந்தவரை அடக்கம் செய்ய இரண்டு மூன்று வாரங்கள்கூட ஆகும். நம் ஊரில் மறுநாளே எல்லாம் முடிந்துவிடும். இங்கே அத்தனை நாளும் அது சாவு வீடுதான். நான் போனபோது இன்னும் அடக்கம் நடக்கவில்லை. பையிலிருந்து தாளை எடுக்க எனக்கு மனம் வரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜோன் டீ கொடுத்தார். பீட்டர் அப்பாவின் தொப்பியைக் கொண்டுவந்து காட்டினார், பிறகு அதைத் தன் தலையில் வைத்துக்கொண்டார். பேச்சு அதிகம் இல்லை. நேரமானதும் எழுந்து, ஜோனின் கையை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு வெளியே வந்தேன். மனம் கனத்துப்போயிருந்தது. அன்றைக்கு நல்லபடியாக நடந்துகொண்டோம் என்று நினைத்தபடிதான் பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை என் மேலாளர் நஸ்ரீன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஜோன் போன் செய்து சொன்னதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார்.

"அந்தப் பொம்பள டீயக் குடிச்சா, எழுந்தா, ஒரு வார்த்த சொல்லல, போய்க்கினே இருந்தா. எம் புள்ள ஜன்னலாண்ட நின்னு கைய ஆட்டிக்கினே இருந்தான். தெருமுனை வரைக்கும் திரும்பிக்கூடப் பாக்கல. அவ முடிவு பண்ணிட்டுத்தான் போயிருக்கா. எம் புள்ளயத் தூக்கிக்கினு போவப்போறாங்க. இனிமே யாரும் எங்க ஊட்டுப் பக்கம் வரக்கூடாது."

3

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியபோது அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. சாவு வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று யார் சொல்வார்கள்? எழுந்தோமா, வந்தோமா என்றிருக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக்கூடாது. நாங்கள் மூன்று தலைமுறையாக வேதக்காரக் குடும்பம், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் எங்கள் தெருவில் மதம் குறுக்கே வந்ததில்லை. இங்கே வந்த பிறகு நான் போன முதல் சாவு வீடு அது. யோசித்துச் செய்திருந்தால் ஒருவேளை வேறு மாதிரி செய்திருப்பேன். கால் தானாக வெளியே வந்துவிட்டது.

இந்த ஊர்க்காரர்களோ விடைபெறுவதையே ஒரு திருவிழாவாகச் செய்கிறவர்கள். போனை வைப்பதற்கு முன் பை, பை, பைபை என்று நாலு தடவை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது டிரைவருக்கு நன்றி. கடையில் பால் பாக்கெட் வாங்கினால்கூட நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை. அப்படிப்பட்ட ஊரில், கணவனைப் பறிகொடுத்த ஒரு வீட்டிலிருந்து வாயைத் திறக்காமல் வெளியேறியிருக்கிறேன்.

அன்று மாலை வீட்டில் சொன்னதும் என் மகள் ஜெனி தலையில் கைவைத்துக்கொண்டாள். பள்ளிக்குக் கிளம்பும்போது தினமும் 'போறேன்மா' என்று சொல்கிறவள் அவள். 'போயிட்டு வரேன்னு சொல்லு' என்று நானும் தினமும் திருத்துகிறேன். சாயங்காலம் வரத்தானே போகிறேன், அதை எதற்குக் காலையிலேயே சொல்ல வேண்டும் என்பாள். கைக்குழந்தையாக இங்கே வந்தவள். தமிழ் அவளுக்குச் சாப்பாடு, துணி, வீட்டுப்பாடம் பற்றிப் பேசுகிற மொழியாகச் சுருங்கிவிட்டது. சாவு வீட்டு வழக்கத்தை விளக்கியபோது, "இது நீ எனக்குச் சொல்லவே இல்லையேம்மா" என்றாள். அவளை ஒரு சாவு வீட்டுக்கும் நான் கூட்டிப்போனதில்லை. அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

ஊருக்குப் போன் போட்டேன். அம்மாவுக்கு நியாயம் ஒன்றுதான்.

"நீ பண்ணது கரீட்டு. சாவு ஊட்ல இன்னான்னு சொல்லிக்கினு வருவாங்க? அந்தம்மாக்கு யாராச்சும் எடுத்துச் சொல்லணும்."

யாராவது என்றால் யார்? நான்தான். ஆனால் எனக்குத் தயக்கமாக இருந்தது. புருஷன் போன துக்கத்தில் இருக்கிறவரிடம், எங்கள் ஊர் வழக்கம் இப்படி, நீங்கள்தான் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்று போய் நின்றால் அது எப்படி இருக்கும்? அவருடைய துக்கத்தில் என்னுடைய ஊரை ஏற்றிவைப்பதாக ஆகாதா? வேறொரு பணியாளரிடம் அந்த வீட்டைக் கொடுத்துவிடுங்கள் என்று நஸ்ரீனிடம் சொல்ல வாய் வரை வந்தது. வேறொருவர் என்றால் வரிசையில் காத்திருக்க வேண்டும். அதுவரை ஜோனின் இடுப்பு தாங்க வேண்டும்.

4

அந்த வாரம் முழுக்க எனக்குக் கும்மிடிப்பூண்டி ஞாபகம்தான். படிப்பு முடித்து நான் முதலில் வேலை பார்த்தது அங்கே ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், செல்போன் கடைக்கு மேலே ஒற்றை அறை. சிப்காட் ஆலைகளில் வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மருத்துவம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ஆதார், ரேஷன் என்று ஓடுவது எங்கள் வேலை. என்னோடு வேலை பார்த்தவன் ஊத்துக்கோட்டை பார்த்திபன். அவன் பேச்சில் பாதி தெலுங்கு. யாரைப் பார்த்தாலும் 'நைனா' என்றுதான் ஆரம்பிப்பான்.

சுதாம் என்று ஒரு ஒடியா இளைஞன், பாய்லர் பக்கம் வேலை. ஊரில் அவன் அப்பா இறந்துவிட்டார். ரயில் பிடித்துப் போய்ச்சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று இங்கேயே, தங்கியிருந்த லைன் வீட்டு அறையிலேயே துக்கம் காத்தான். சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது, பக்கத்து வீட்டார்தான் சோறு கொண்டுபோக வேண்டும் என்பது நம் முறை. நானும் பார்த்திபனும் மெஸ்ஸில் சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு போனோம். சைவம்தானே, பிறகென்ன என்ற தெம்பு.

சுதாம் பொட்டலத்தைத் தொடவில்லை. கைகூப்பிக்கொண்டு, எங்கள் ஊரில் கற்ற தமிழிலேயே சொன்னான்.

"அக்கா, கோச்சிக்காத. பத்து நாளு எங்க ஊட்ல மஞ்சா, எண்ண எதுவும் துன்னக்கூடாது. நாமளே பொங்கித்தான் துன்னணும். நீ வந்ததே போதும், குந்து."

கோபமில்லை, குத்தலுமில்லை. என்ன வேண்டும் என்று பிறகுதான் கேட்டோம். பச்சரிசி, வாழைக்காய், கொஞ்சம் நெய் என்றான். வாங்கிக் கொடுத்துவிட்டு வரும் வழியில் பார்த்திபன், "இன்னா நைனா இது, மொதல்லயே கேட்டிருந்தா இவ்ளோ பேஜாரு இல்லியே" என்று தலையைச் சொறிந்துகொண்டான். சாம்பார் சாதத்தை ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து நாங்களே சாப்பிட்டோம்.

திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸும் ஞாபகம் வந்தது. திங்கள்கிழமை மனு நாள். கவரப்பேட்டை, பெரியபாளையம் என்று பஸ் மாறி, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவோம். செங்கல் சூளையில் வேலை செய்த ஓர் அம்மா எங்களோடு வந்திருந்தார். மேசைக்குப் பின்னாலிருந்தவர் எல்லாக் கேள்விகளையும் என்னிடமே கேட்டார். இவருக்கு எத்தனை பிள்ளைகள், எங்கே தங்கியிருக்கிறார், என்ன வேண்டுமாம். நானும் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, "நான் இங்கதான குந்திக்கினு கீறேன், என்னக் கேட்டா சொல்ல மாட்டேனா?" என்றார். மேசைக்காரர் திடுக்கிட்டு, "சரி, சொல்லும்மா" என்றார். அவர் சொன்ன பதில்கள் நான் சொன்னவற்றைவிட நீளமாகவும், கொஞ்சம் வேறாகவும் இருந்தன.

என்னை வளர்த்தவர்கள் இவர்கள்தான். மனதில் இருந்ததை முகத்துக்கு நேராகச் சொன்னவர்கள். ஜோனும் அதைத்தானே செய்திருக்கிறார் என்று பட்டது. மனதுக்குள் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தியிருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. போன் செய்து திட்டியதால்தான் எனக்குப் போக ஒரு வழி இருந்தது. அந்த நினைப்பு வந்ததும் தயக்கம் விட்டது. நஸ்ரீனிடம் போய், நான் ஒருமுறை பேசிப் பார்க்கிறேன் என்றேன்.

5

நஸ்ரீன் ஜோனிடம் அனுமதி வாங்கிக் கொடுத்தார். "வாசல்ல நின்னு பேசட்டும், உள்ள வுட மாட்டேன்" என்ற நிபந்தனையோடு.

தூறலில் நின்றேன். கதவு பாதி திறந்தது. பீட்டர் அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். பீட்டர் கையாட்டியதை நான் பார்க்கவில்லை என்று அவரிடமே நேராகச் சொன்னேன். அவர் பரவாயில்லை என்பதுபோல் தலையாட்டினார். பிறகு, உங்களை எதுவும் ஒத்துக்கொள்ளச் சொல்லவில்லை, அன்று என் மனதில் என்ன இருந்தது என்று மட்டும் சொல்கிறேன் என்று தொடங்கி, எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன்.

ஜோன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"சொன்னா இன்னா ஆவும்?"

"வரேன்னு சொன்னா, இதே மாதிரி இன்னொரு காரியத்துக்கு இந்த வீட்டுக்கு வரேன்னு ஆயிடும். அந்தப் பயம்தான்."

"இந்த ஊட்ல இன்னும் யாரு கீறாங்க? நானும் அவனும்தான்."

"ஆமாம். நீங்களும் அவரும்தான்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினாரா, பைத்தியம் என்று நினைத்தாரா என்று தெரியவில்லை. மழை கொஞ்சம் வலுத்தது.

"நனையாத. உள்ள வா" என்றார்.

அதன் பிறகு மூன்று தடவை போனேன். எங்கள் மதிப்பீட்டுத் தாளில் ஒரு கேள்வி உண்டு: கவனித்துக்கொள்பவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் மாற்று ஏற்பாடு என்ன? தேவையான கேள்விதான், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் டாக்டரும் அதையே கேட்டிருக்கிறார், பீட்டர் பகலில் போய்வரும் மையத்தாரும் கேட்டிருக்கிறார்கள், ஜோனின் தங்கை மகனும் சாவுக்கு வந்த இடத்தில் கேட்டிருக்கிறான். நானும் கேட்டாக வேண்டும். அதைக் கடைசி நாளுக்குத் தள்ளிவைத்தேன்.

முதலில் பீட்டரிடம் பேசினேன். பழைய தாள்களைப் புரட்டியபோது, அவரைப் பற்றி அப்பா சொன்னது இருந்தது, அம்மா சொன்னது இருந்தது, டாக்டர் சொன்னது இருந்தது. அவர் சொன்னது எங்கும் இல்லை. எங்கே இருக்க உங்களுக்குப் பிடிக்கும் என்று கேட்டேன். அவருக்கு வார்த்தைகள் மெதுவாகத்தான் வரும். பதில் சொல்வதற்குப் பதிலாக என்னை எழுந்து வரச் சொன்னார். அப்பாவின் நாற்காலியைக் காட்டினார், தன் படுக்கையைக் காட்டினார். பிறகு அடுப்படிக்குக் கூட்டிப்போய், கெட்டிலில் அளவாகத் தண்ணீர் பிடித்து, கொதிக்கவைத்து, பால் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துப் பார்த்து ஒரு டீ போட்டு, நடுங்காமல் கொண்டுபோய் ஜோனிடம் கொடுத்தார். "அம்மாக்குக் காலைல டீ நான்தான்" என்றார்.

ஜோன் அந்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு முதல்முறையாக அழுதார். அப்பா இருந்தபோதே அது பீட்டரின் வேலைதானாம். யாரும் கேட்காததால் யாரிடமும் சொல்லவில்லையாம். நான் அதை அப்படியே எழுதினேன். இவர் உதவி பெறுகிறவர் மட்டும் இல்லை, தன் தாய்க்கு உதவி செய்கிறவரும்கூட, இருவரையும் பிரித்தால் இருவருக்குமே நஷ்டம் என்று எழுதினேன். காலையில் குளிப்பாட்டி, முகம் மழித்துவிட ஓர் ஆண் உதவியாளர் கிடைத்தார். டீ விஷயத்தில் அவர் தலையிடக்கூடாது என்று பீட்டர் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

6

கேசரி கொண்டுபோனதற்கு மறுநாள் ஜோன் வீட்டில் பரிசீலனைக் கூட்டம் நடந்தது. கொடுக்கிற உதவி சரியாக இருக்கிறதா, தொடரலாமா, பீட்டர் அந்த வீட்டிலேயே இருக்கலாமா என்று முடிவு செய்யும் கூட்டம். தலைமை தாங்க எங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார், இந்தக் குடும்பத்துக்குப் புதியவர். நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

தலைவர் முதலில் உதவியாளரைப் பற்றிக் கேட்டார். நல்ல பிள்ளை, ஷூவை மட்டும் வாசலில் துடைக்க மாட்டேன் என்கிறான் என்றார் ஜோன். அடுத்து பீட்டரிடம், எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டார். இங்கேதான் இருப்பேன் என்று அவர் தன் வாயாலேயே சொன்னார். அப்படியென்றால் இப்படியே தொடரட்டும் என்று தலைவர் எழுதிக்கொண்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நன்றி ஆண்டவரே என்று மனதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டேன்.

அடுத்ததாக அவர் அந்தக் கேள்விக்கு வந்தார். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பீட்டருக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டார். ஜோன் என்னிடம் முன்பே சொல்லிவைத்திருந்த ஏற்பாட்டைத் திரும்பவும் பொறுமையாகச் சொன்னார். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. பீட்டர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியாகத் தலைவர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தப் பணியாளர்மேல் நீங்கள் ஒரு புகார் கொடுத்திருக்கிறீர்கள், விருப்பமென்றால் வேறொருவரை நியமிக்கலாம், அது உங்கள் உரிமை என்றார். அவர் சொன்னது முறைதான்.

ஜோன் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என் ஊட்டுக்காரன் போனதுலேந்து வர்றவன் போறவன் எல்லாம் நான் செத்தா இன்னா பண்றதுன்னே கேட்டுக்கினு கீறான். நீயும் இப்பதான் கேட்ட. நான் சாவக்கூடாதுன்னு வாய மூடிக்கினு போனவ இவ ஒருத்திதான். இவளே வரட்டும்."